என் அம்மாவிடம் யார் கேட்டீர்கள்?

என் அம்மா சாகவில்லை. அவளைக் கொன்றார்கள்.

பெற்ற பிள்ளைகளே கொன்றார்கள். சொந்தபந்தம் சுற்றி நின்று பார்த்தது. ஊர் தெரிந்தே வாயை மூடிக்கொண்டது. அரசாங்கம் ஒரு முத்திரையைக் குத்தி, இயற்கையான சாவு என்று தாளில் எழுதிக் கொடுத்தது. இதை இப்படி உடைத்துச் சொன்னால் இனிமேல் பிறந்த வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது. தெரியும். மிதித்து என்ன செய்ய? அங்கே யாரைப் பார்க்கப் போக?

"நடந்தது நடந்துபோச்சு, விடு தாயி" என்றார்கள். "கூடப் பிறந்தவங்கள ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ எந்த மொகத்தோட நடமாடுவ?" என்றார்கள். "கெழவி இழுத்துக்கிட்டுக் கெடக்காமப் போய்ச் சேந்தா, புண்ணியம் பண்ணுனவ" என்றார்கள். ஒவ்வொருவராக வந்து என் வாயில் துணி அடைத்துவிட்டுப் போனார்கள். இனி முடியாது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்கிறேன். கேளுங்கள்.

எங்களுக்கு விருதுநகர் பக்கம், கரிசல் காடு. என் அம்மாவுக்குச் செய்ததற்கு எங்கள் பக்கத்தில் பெயரே இருக்கிறது. தலைக்கூத்தல். விடியக் கருக்கலில் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்து, தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு இளநீர். குடிக்கக் குடிக்க இளநீர். காய்ச்சல் வரும், ஜன்னி காணும், ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ எல்லாம் முடிந்துவிடும். அதிலும் போகாத உயிர் என்றால், மண்ணாசையில் இழுக்கிறது என்று மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பொன்னாசை என்று காசை உரசி ஊற்றுவார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் ஊற்றுவார்கள். இப்போதெல்லாம் அந்தப் பாடும் இல்லாமல் ஊசி போட ஆள் வருகிறான். காசு கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக வந்து போட்டுவிட்டுப் போய்விடுவான்.

எங்கள் ஊரோடு நிற்கிற விஷயம் இல்லை இது. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். 2010இல் எங்கள் மாவட்டத்திலேயே எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தன் பிள்ளைகள் தனக்கு நாள் குறிப்பதைக் காதால் கேட்டுவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்கு ஓடிப்போனார். பத்திரிகைகளில் வந்த செய்தி. அந்த வயதில், அந்தக் காலை வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைகளிடமிருந்து ஒரு மனிதன் தப்பி ஓடினான் என்றால் அவன் சாக விரும்பினானா, வாழ விரும்பினானா?

என் அம்மாவுக்கு ஓடக் கால் இல்லை. வலது பக்கம் கையும் காலும் விழுந்து கிடந்தாள்.

அவள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அய்யா போய்ச் சேர்ந்தபோது நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மானாவாரி நிலம் கொஞ்சம். மழை பெய்தால் பருத்தி, கம்பு. பெய்யாத வருஷம் தீப்பெட்டி ஒட்டினாள். பகலில் அடுத்தவர் காட்டில் களை வெட்டிவிட்டு வந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒட்டுவாள். பெரியண்ணனுக்குச் சின்ன வயசில் டைபாய்டு வந்து கண் செருகிப்போனது. "இது பிழைக்காது, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போம்மா" என்று பெரியாஸ்பத்திரியிலேயே கைவிரித்தார்கள். அவள் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்த வராந்தாவில், வெறுந்தரையில், அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. அவன் பிழைத்தான். பிழைத்து, வளர்ந்து, டிராக்டர் வாங்கி, மச்சு வீடு கட்டி, அந்த வீட்டின் பின்பக்கம் மாட்டுத் தொழுவை ஒட்டின அறையில் அவளைப் போட்டான். பிறகு அவளுக்கு நாள் குறித்தான்.

அண்ணே, அன்னைக்கு அந்த டாக்டர் பேச்சைக் கேட்டு அம்மா ஒன்னைய விட்டுருந்தா?

பக்கவாதம் வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதை மறுக்க மாட்டேன். மாத்திரை தொடர்ந்து கொடுங்கள், கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். சாகப்போகிறாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வாய் கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். நினைவு அத்தனை தெளிவு. எந்த மாடு சினையாக இருக்கிறது, எந்தப் பேத்திக்கு என்றைக்குப் பரீட்சை, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் கேட்பாள். "கட்டில வாசலுக்குக் கொண்டாங்கடா, நாலு பேர் மொகத்தப் பாக்கணும்" என்பாள். அதைக்கூடச் செய்யவில்லை. வாசலில் கிடந்தால் மூத்திர வாடை வருகிறதாம், சம்பந்தம் பேச வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம்.

முதுகில் புண் வந்தது. புரட்டிப் போட ஆளில்லை. தண்ணீர் மெத்தை வாங்கினால் புண் ஆறும் என்றேன். "அதெல்லாம் டவுன்ல உள்ளவங்களுக்கு" என்றார்கள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். நான் சத்துணவு அமைப்பாளர், மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், என் மாமியாரோடு சேர்ந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது வந்தது பாருங்கள் ரோஷம். "ரெண்டு ஆம்பளப் பிள்ளைக இருக்கையில மக வீட்டுலயா உசுரு போகணும்? ஊரு காறித் துப்பாது?" துடைத்துவிட முடியாதவர்களுக்கு, புரட்டிப் போட முடியாதவர்களுக்கு, ஒரு வாய் கஞ்சியைப் பொறுமையாக ஊட்ட முடியாதவர்களுக்கு, ஊர் துப்புமே என்ற பயம் மட்டும் இருந்தது. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. நிலம் இன்னும் அம்மா பெயரில் இருந்தது. என் வீட்டுக்கு வந்தால் கைநாட்டு எந்தப் பக்கம் விழுமோ என்ற பயம்.

போன் வந்தது. "அம்மாவுக்கு முடியல, வா." அடித்துப் பிடித்துப் போனேன். எனக்கு முன்னாலேயே மதுரையிலிருந்து சித்தப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தூரத்துச் சொந்தமெல்லாம் வந்திருந்தது. பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கேதம் கேட்க ஊர் கூடியிருந்தது! உள்ளே போனேன். எண்ணெய் வாடை. தலை ஈரம் காயவில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கிறது, அவளோ "குளுருது தாயி, குளுருது தாயி" என்று நடுங்குகிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சீவின இளநீர்க் காய்கள். மதினி இன்னொரு டம்ளரை வாயருகே கொண்டுபோனாள். அம்மா தன் இடது கையைத் தூக்கி அதைத் தள்ளிவிட்டாள்.

என் கண்ணால் பார்த்தேன். விளங்கும் கை அது ஒன்றுதான். அந்தக் கையால் தள்ளிவிட்டாள். டம்ளர் உருண்டு போனது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமலேயே அவள் பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகும் இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள்.

நான் 108க்குப் போன் போட்டேன். பிடுங்கிக்கொண்டார்கள். கத்தினேன். "பொட்டச்சி ஒப்பாரிய இப்பவே ஆரம்பிச்சிட்டா" என்று ஒருவர் சிரித்தார். இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் உட்காரவைத்தார்கள். மறுநாள் கோழி கூப்பிடும் நேரத்துக்கு அம்மா போய்விட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவா? கொட்டு வந்தது. வெடி வெடித்தார்கள். ஆளுயரத்துக்குப் பூத்தேர் கட்டினார்கள். நீர்மாலை எடுத்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. கருமாதிக்கு ஊரே திரண்டது. தண்ணீர் மெத்தைக்கு இல்லாத பணம், புண்ணுக்கு மருந்து வாங்க இல்லாத பணம், கை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆட்டோவில் கூட்டிப்போக இல்லாத பணம், பிணத்தைத் தூக்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது? சொல்லுங்கள். வறுமை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். வறுமையில் இதைச் செய்கிற வீடுகளும் உண்டு, அவர்களுக்காக என் வயிறு எரிகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். என் அம்மா வறுமையில் சாகவில்லை.

எல்லாரும் ஒரே ஒரு சாட்சியைத்தான் கொண்டுவருகிறார்கள். "அவளே சொன்னாளே, என்னைய அந்த ஆண்டவன் கொண்டுபோக மாட்டேங்குறானேன்னு!" ஆமாம், சொன்னாள். எந்தக் கிழவி சொல்லவில்லை? முழங்கால் வலித்தால் சொல்வாள். மருமகள் முகத்தைத் திருப்பினால் சொல்வாள். பேரன் வந்து போய் நாளானால் சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம், "அந்தப் பிரசர் மாத்திரைய எடு தாயி" என்று கேட்பாள். அந்தப் புலம்பலுக்கு அர்த்தம் கொன்றுவிடு என்பதா? என் பக்கத்தில் வந்து உட்கார், என்னைக் கவனி, நான் பாரமில்லை என்று ஒரு வார்த்தை சொல் என்பதா? பெற்ற பிள்ளைக்கு அது தெரியாதா? காலையிலிருந்து ராத்திரி வரை "இன்னும் எத்தனை நாளைக்கு", "எங்க உசுர வாங்குது" என்று காதில் விழுந்துகொண்டே இருந்தால், எந்த உயிர்தான் சாகக் கேட்காது? கேட்க வைத்தவர்கள் நீங்கள். பிறகு அவள் கேட்டாள் என்று நீங்களே சாட்சி சொல்வீர்களா?

அம்மா போன பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கருணைக் கொலையைப் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நெதர்லாந்து 2002இல் சட்டம் கொண்டுவந்தது. அங்கே நோயாளியே யோசித்து, சுயமாக, தெளிவாகக் கேட்க வேண்டும். தாங்க முடியாத, தீர்க்க வழியில்லாத வேதனை இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரும் பார்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவு இருந்தும், வயதானவர்கள் பாரம் என்ற நினைப்பிலேயே கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அந்த நாடுகளில் இன்னும் ஓயவில்லை. கனடாவில் 2016இலிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது, அங்கேயும் இதே வாதம்தான். கேட்டவர் விஷயத்திலேயே அவர்கள் இத்தனை தயங்குகிறார்கள். கேட்காத என் அம்மா விஷயத்தில் ஒருவருக்கும் தயக்கம் வரவில்லை.

நம் நாட்டில் மட்டும் என்ன? அருணா ஷான்பாக் கதையைப் படித்து அழுதேன். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நர்ஸ். 1973இல் அங்கே வேலை செய்த ஒருவனே அவரை நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிச் சிதைத்தான். அதிலிருந்து 2015இல் சாகும்வரை நினைவில்லாமல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரைச் சாகவிடுங்கள் என்று பிங்கி விரானி என்ற எழுத்தாளர் உச்ச நீதிமன்றம் போனார். கூட வேலை செய்த நர்சுகள், அவர்களுக்குப் பின்னால் வந்த நர்சுகள், அருணாவை ஒருநாளும் பார்த்துப் பேசியிராத சின்னப் பெண்கள், எல்லாரும் சொன்னார்கள்: நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கொல்லாதீர்கள். 2011இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அருணாவுக்காகப் பேசும் உரிமை, தினமும் அவரைத் துடைத்து, ஊட்டி, புரட்டிப் போட்டவர்களுக்கே உண்டு என்றது. படுக்கைப் புண் வராமல் அத்தனை வருஷம் காத்தார்கள் அந்தப் பெண்கள்! ரத்த சொந்தமா அவர்கள்? பெற்ற வயிறா? வயிற்றில் பிறந்த பிள்ளைகளால் முடியாதது அவர்களால் எப்படி முடிந்தது?

2018இல் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்: கண்ணியத்தோடு சாவது வாழும் உரிமையில் அடங்கும். மீளவே முடியாது என்றால் எனக்கு மெஷின் வேண்டாம் என்று ஒருவர் தெளிவோடு இருக்கும்போதே எழுதிவைக்கலாம். 2023இல் அந்த வழிமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து, முதலில் ஒரு டாக்டர் குழு, அதற்கு மேல் இன்னொரு டாக்டர் குழு. நான் இதற்கு எதிரி இல்லை. ஐ.சி.யு.வில் மூச்சுக்குழாயைச் சொருகிக்கொண்டு, திரும்பி வர வழியில்லாமல், பில் மட்டும் ஏறிக்கொண்டு கிடக்கும் உயிரை, அவர் விருப்பப்படி நிம்மதியாகப் போகவிடுவதை நான் கொலை என்று சொல்ல மாட்டேன். போகிற உயிரைத் தடுக்காமல் விடுவது வேறு. போகாத உயிரைப் பிடித்துத் தள்ளுவது வேறு. ஊசி போட்டோ வேறெதையும் கொடுத்தோ கொல்வதற்கு இந்த நாட்டில் யாருக்கும் இன்றுவரை அனுமதி இல்லை, டாக்டருக்கும் இல்லை.

ஒரு மெஷினை நிறுத்த இரண்டு டாக்டர் குழு. என் அம்மாவின் மூச்சை நிறுத்த எத்தனை குழு உட்கார்ந்தது? இரண்டு அண்ணன்மார், ஒரு மாமா, எண்ணெய் வைக்கத் தெரிந்த ஒரு கிழவி. ஒரு ராத்திரி, திண்ணையில், வெற்றிலை போட்டுக்கொண்டே முடிவு செய்தார்கள்.

பிறகு அந்தத் தாள். வீட்டில் சாவு நடந்தால் இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும். போய்ச் சொன்னார்கள். வயசைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார்கள். மூப்பு. ஒரே வார்த்தை. கட்டிக்கொடுத்து ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகப்படும்படி செத்தால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிக்கிறார், உடலை அறுத்துப் பார்க்கிறார்கள். எத்தனை பெண்கள் எரிந்து செத்த பிறகு வந்த சட்டம் அது! ஸ்டவ் வெடித்தது என்று சொல்லி எரித்த காலத்தில் இதே ஊர்தான் அதையும் விதி என்றது. எழுபது தாண்டின உயிர் ஒரே நாளில் காய்ச்சல் கண்டு, தலையில் எண்ணெயோடு கிடந்து போனால், ஏன் என்று கேட்க ஒரு சட்டம் உண்டா? ஒரு ஏட்டு வந்து எட்டிப் பார்த்ததுண்டா? வயசானால் உயிரின் மதிப்பு குறைந்துபோகுமா? பால் வற்றின மாட்டை அடிமாட்டு வண்டியில் ஏற்றும்போதாவது வழியில் செக்போஸ்ட் இருக்கிறது. என் அம்மா போன வழியில் ஒரு செக்போஸ்ட்கூட இல்லையே!

தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 'பாரம்' என்று படம் எடுத்தார்கள், தேசிய விருது கொடுத்தார்கள். 2019இல் 'கே.டி. என்கிற கருப்புதுரை' வந்தது. 2023இல் 'தலைக்கூத்தல்' என்ற பெயரிலேயே படம் வந்தது. பார்த்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், நல்ல படம் என்றார்கள். படத்துக்கு விருது கொடுக்க அரசாங்கத்துக்குத் தெரிகிறது. அந்தப் படத்தில் செத்தவர்களுக்காக ஒரு விசாரணை வைக்கத் தெரியவில்லையா?

இப்போது ஏழை வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் வீட்டில், படுத்துக்கிடக்கும் ஒருவரைப் பார்க்க இன்னொருவர் வேலையை விட வேண்டும். பெரும்பாலும் அது மருமகள். ராத்திரியில் நாலு தரம் எழுந்து, துடைத்து, துணி மாற்றி, காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுகிற பெண்ணின் முதுகு வலி எனக்குத் தெரியும். மகன்கள் முடிவு எடுப்பார்கள், எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையில் கொடுப்பார்கள், பாவத்தையும் அவள் தலையில் கட்டுவார்கள். அவளுக்கு என்ன செய்தீர்கள்? முதியோர் பென்ஷன் மாதம் 1,200 ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய், எண்பது தாண்டினால் 500. படுக்கைப் புண்ணுக்குப் பஞ்சும் மருந்தும் வாங்கினாலே பறந்துபோகிற காசு. இதைக் கொடுத்துவிட்டு, நாங்கள் முதியவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

பக்கத்துக் கேரளாவில் 2008இலேயே வலி தணிப்பு மருத்துவத்துக்கென்று அரசே கொள்கை வகுத்து, பஞ்சாயத்து மூலமாக நர்ஸ் வீடு தேடிப் போகிறார். புண்ணைக் கழுவுகிறார், குழாய் மாற்றுகிறார், வலிக்கு மார்ஃபின் கிடைக்க வழி செய்கிறார்கள். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அந்த மருந்தே நோயாளிக்குக் கிடைக்காமல் போய், 2014இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை எத்தனை பேர் கத்திக் கத்திச் செத்தார்கள்? நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்பதும், பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. நல்லது. ஒரு கட்டில்கூட விடுபடாமல் அது போய்ச் சேர வேண்டும். வலி தணிந்தால், புண் ஆறினால், பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைத்தால், எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க எத்தனை வீட்டுக்கு மனசு வரும்?

பெற்றோரைக் காப்பாற்ற 2007இல் ஒரு சட்டம் வந்தது. மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சில் எழுதிக் கொடுத்த சொத்தை, பார்க்காமல் விட்டால் திரும்பப் பெறலாம். கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. கையும் காலும் விழுந்து தொழுவோரத்து அறையில் கிடக்கிறவள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதில் போவாள்? அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன்தானே அவளைக் கொல்லப்போகிறவன்?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள். இப்போது அதற்கும் மேலே போய்விட்டது. வீட்டுக்கு ஒன்று, இரண்டு பிள்ளைகள். ஒன்று திருப்பூரில், ஒன்று துபாயில். நாளைக்குப் படுக்கப்போவது யார்? இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நான். என் அண்ணன்மார்களும்தான். அந்தத் தொழுவோரத்து அறை காலியாகத்தான் கிடக்கிறது. அண்ணே, ஒன் மகனும் அன்னைக்கு வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்தான். அவன் எதைப் படிச்சுக்கிட்டான்னு நெனைக்கிற?

ஏன் இப்போது வாய் திறக்கிறாய் என்று கேட்பார்கள். நான் வாக்கப்பட்ட தெருவிலும் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார். மில்லில் வேலை பார்த்தவர். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "பாவம், எத்தன நாளைக்கு", "பேசாம எண்ணெய் தேச்சு விட்டுரலாம்ல". எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குடத்தைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குள் போனேன். "அய்யா, என்ன செய்யுது, என்ன வேணும்?" என்று கேட்டேன். வெகு நேரம் என்னையே பார்த்தார். "வெத்தல போடணும் போல இருக்கு தாயி" என்றார். இடித்துக் கொடுத்தேன். அவர் மகனைக் கூப்பிட்டு, இவருக்கு ஏதாவது ஆனால் போலீசில் முதல் சாட்சி நான்தான் என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குடும்பம் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். ஆனால் மருந்து வாங்குகிறார்கள். அவர் இருக்கிறார்.

என் அம்மாவுக்கு அப்படி ஒருவர்கூட உள்ளே வரவில்லை. ஒரே ஒருவர் வந்திருந்தால் போதும். பக்கத்து வீடு, எதிர்த்த வீடு, மாத்திரை கொடுக்க வந்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், யாராவது ஒருவர் தொழுவோரத்துக் கதவைத் திறந்து, "ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால்! வாய் குழறினாலும் அவள் சொல்லியிருப்பாள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் படுத்துக் கிடக்கிறார். உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே போங்கள். திண்ணையோடு விசாரித்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே போங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் கேளுங்கள். பிள்ளைகளிடம் கேட்காதீர்கள், அவரிடம் கேளுங்கள். நாள் குறிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், உரக்கக் கத்துங்கள். குடும்ப விவகாரம் என்று என் ஊர் திரும்பிக்கொண்டது. தெரிந்த பிறகும் நீங்களும் திரும்பிக்கொண்டால், அந்த டம்ளரைப் பிடித்த கைக்கும் உங்கள் கைக்கும் என்ன வித்தியாசம்?